இன்ச் மாஸ்டரின் பஸ் ஊடு

திருப்பூரில் பனியன் கம்பெனி வைக்காதவர்கள் உண்டு. பனியன் போடாதவர்கள்கூட உண்டு. ஆனால் இன்ச் மாஸ்டரின் கண்ணால் அளவெடுக்கப்படாமல் தப்பித்தவர் என்று ஒருவர்கூட இல்லை. முதன்முதலாக நான் அவருக்கு வணக்கம் சொன்னபோது, பதில் வணக்கத்துக்கு முன்னால் "முப்பத்தெட்டுங்க. வலது தோள் அரை இன்ச் எறக்கம்" என்றுதான் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. என்னைப் பெற்ற அம்மாவுக்கே தெரியாத சங்கதி அது.

நான் அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்திருந்தேன். அவர் அங்கே கட்டிங் மாஸ்டர். நீளமான மேஜைமேல் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, அதன்மேல் கை, உடம்பு, கழுத்து என்று அச்சுகளை நெருக்கி வைத்து, துணி வீணாகாமல் வெட்டுவதற்குக் கோடு போட வேண்டும். மார்க்கர் போடுவது என்பார்கள். மாஸ்டர் போட்ட மார்க்கரில் மிஞ்சுகிற துணியில் ஒரு எறும்புக்குக்கூட கோவணம் தைக்க முடியாது.

வெட்டுகிற மேஜையோடு இதை நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண மனிதர். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இலையை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அந்த அப்பளத்தச் சித்தே அக்கட்டத் தள்ளுங்க. இன்னும் ரெண்டு பொரியலுக்கு எடம் வேஸ்ட்டாப் போகுது" என்பார். துக்க வீட்டில்கூட ஒருமுறை பந்தல் நாற்காலிகளை மாற்றிப் போட்டு, பன்னிரண்டு பேரை அதிகமாக உட்கார வைத்துவிட்டு வந்தார். அந்த வீட்டார் இன்றுவரை அவரைத்தான் முதலில் நன்றியோடு நினைக்கிறார்கள். இறந்தவரை அடுத்ததாக.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஓய்வுபெறுகிற நாளில் கம்பெனியில் மாலை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். "நான் வெட்டுன பனியன் எல்லா நாட்டுக்கும் போயிருக்குதுங்க. நானு பழனியத் தாண்டலீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

மறுவாரம் கம்பெனியின் பழைய ஸ்டாஃப் பஸ்ஸை வாங்கிவிட்டார்.

அந்த பஸ்ஸை நாங்கள் எல்லோரும் அறிவோம். சாமளாபுரம் வரை போய்ப் பெண்களை ஏற்றி வரும். பிரேக் பிடித்தால் ஹார்ன் அடிக்கும், ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடும். அதைத்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து தாள்களை மாற்றி, வீடாக்கப் போகிறேன் என்றார். எங்கள் தெருவில் என் வீட்டுக்கு எதிரேதான் அவர் வீடு. ஆகவே பஸ்ஸும் அங்கே வந்து நின்றது.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கக்கூஸ் இல்லாம நா அந்த வண்டில காலெடுத்து வெக்க மாட்டேனுங்க."

"கட்டிப் போடலாம் அம்மிணி."

"கதவோட."

"கதவோடதான் அம்மிணி."

மாஸ்டர் முதலில் செய்தது அதைத்தான். ஆறு மாதம் அந்தக் கழிவறைக்கே போனது. அட்டையில் அச்சு வெட்டி, அதற்குள் உட்கார்ந்து, எழுந்து, முழங்கை படுகிற இடத்தைச் சாக்கட்டியால் குறித்து, ஒரு நூல் இடம்கூட வீணாகாமல் கட்டினார். திறப்பு விழாவுக்கு வந்த அக்காவின் தம்பி உள்ளே போனார். வெளியே வரவில்லை. பாத்திரம் துலக்குகிற சோப்பைக் கரைத்து ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரிக்கு அளவெடுத்துக் கட்டுனேனுங்க. அவுங்க தம்பிக்கு ஓரத்துல அலவன்ஸ் உடாமப் போயிட்டேன்" என்றார். பிறகு ஒரு பக்கம் இரண்டு இன்ச் கூட்டினார். அந்த இரண்டு இன்ச்சைக் கொடுத்தது பற்றி இப்போதும் வருத்தமாகத்தான் பேசுவார்.

மற்றபடி அந்த பஸ்ஸின் உள்ளே ஒரு சித்து வேலையே நடந்திருந்தது. கட்டிலைத் தூக்கினால் அரிசி டப்பா. அரிசி டப்பாவைத் தூக்கினால் செருப்பு. மேல்தட்டை இழுத்தால் இஸ்திரி மேஜை. திரைச்சீலை, மெத்தை உறை, தலையணை எல்லாம் எக்ஸ்போர்ட்டில் திரும்பி வந்த குழந்தைத் துணி. பஸ் முழுக்கக் குல்லா போட்ட கரடிக்குட்டிகள் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தன.

உறவினர்களுக்கு இது புரியவில்லை. "ஊட்ட வித்துப்போட்டாங்களாமா?" என்று விசாரித்து, அரிசி, பருப்பு, பழைய போர்வையோடு இரக்கப்பட்டு வந்தார்கள். மாஸ்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வைக்க அவரிடம் இடம் இருந்தது.

பயணங்கள் தொடங்கின. தாராபுரத்தில் ஒரு டீக்கடை ஓரம் பஸ்ஸை நிறுத்தியிருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் விறுவிறுவென்று ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். இலவசக் கண் பரிசோதனை வண்டி என்று நினைத்துவிட்டார். மாஸ்டருக்கு அவர் மனதை நோகடிக்க விருப்பமில்லை. எதிரே மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் காட்டினார். அவர் நல்ல நேரம், ராகு காலம், சூலம், பரிகாரம் வரைக்கும் படித்தார். மறு கண்ணாலும் படிக்க வைத்துவிட்டு, "நல்லாத் தெரியுதுங்க. போய்ட்டு வாங்க" என்று அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் வெளியே இருபது பேர் வரிசை. அக்காவையும் பஸ்ஸையும் கிளப்பிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்.

இப்படி நான்கைந்து வருஷம் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஊரில் இந்த 'வேன் லைஃப்' வந்து சேர்ந்தது. இளசுகள் வேலையை விட்டுவிட்டு, அல்லது வேலையை மடியில் வைத்துக்கொண்டு, வேனில் வாழ்கிறோம் என்று வீடியோ போட ஆரம்பித்தார்கள். கதவைத் திறந்தால் அருவி. ஜன்னலைத் திறந்தால் கடல். மாஸ்டர் காலைச் சாப்பாடு முடிந்ததும் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அக்காவையும் என்னையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நாங்கள் வீடியோவைப் பார்ப்போம். அவர் அதில் குற்றம் பார்ப்பார்.

"எந்நேரமும் அருவிகிட்டயே நின்னா ஈரத்துணி எங்கீங்க காயும்?"

"இந்தப் பொண்ணு ஒரு டம்ளர் காப்பிய வெச்சுக்கிட்டு மூணு வீடியோவா ஒரே பாறைமேல உக்காந்திருக்குது. ஆறிப் போயிருக்காதுங்களா?"

ஒரு வீடியோவில் வெள்ளை மெத்தைமேல் ஈர நாய் படுத்திருந்தது. மாஸ்டர் போனைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டார். "வெள்ளத்துணிமேல நாய ஏத்தறவங்க ஒரு நாளு செக்கிங் டேபிள்ள நின்னிருந்தாத் தெரியும்."

"சின்னப் பிள்ளேள் ஆசைக்குச் செய்யுதுங்க, மாஸ்டர். அதுக்குப் போய் இப்படிச் சொல்லுதீங்களே" என்பேன்.

"நான் தப்புன்னே சொல்லலீங்களே. ஆனா ஒருத்தராச்சும் கக்கூஸ் டேங்க் கழுவறதக் காட்டறாங்களா? டேங்க் கழுவாம எப்படீங்க வாழ்க்கை? அவுங்களுது லைஃப்புங்க. நம்முளுது பொழப்புங்க."

இவ்வளவு பேசினவரின் பஸ்ஸுக்குள் ஒருநாள் நான் தலையை விட்டால், கூரை ஓரம் பூராவும் சீரியல் லைட் மினுக்கிக்கொண்டிருக்கிறது. வீடியோவில் வருகிற அதே மஞ்சள் நிறம்.

"இதென்ன மாஸ்டர்?"

"அம்மிணி ஆசப்பட்டாங்க."

உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "நா எப்பங்க ஆசப்பட்டேன்?"

மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு எஞ்சின் ஆயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

போன வருஷம் அக்காவுக்கு முட்டி வலி வந்தது. அந்த பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து ரொம்ப உயரம். பனியன் கம்பெனிக்குப் போகிற இளம்பெண்களுக்காக வைத்தது. உயரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயமுத்தூரிலிருந்து மகள் வந்து, "பஸ்ஸக் குடுத்துப் போடுங்கப்பா. அம்மாவ இன்னும் எத்தனை நாளைக்கு ஏத்தி எறக்குவீங்க?" என்று கேட்டாள்.

மாஸ்டர் இரண்டு நாள் யாரையும் அளக்கவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "வாங்கறதுக்கு ஆளு இருந்தாச் சொல்லுங்க தம்பி" என்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான்தான் பஸ்ஸைப் படமெடுத்து வேன் லைஃப்காரர்களின் குழு ஒன்றில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு பையன் கூப்பிட்டான். அவனை எல்லோரும் தாடி என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டில் வேன்காரர்கள் எல்லாம் கூடுகிறார்கள், பஸ்ஸை அங்கே கொண்டு வந்தால் பார்த்து முடித்துவிடலாம் என்றான்.

போனோம். எப்போதும் எதிரே வருகிற லாரிக்கெல்லாம் நீள அகலம் சொல்லிக்கொண்டு ஓட்டுகிறவர், அன்று காங்கயம் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அக்கா தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான், வீட்டை விற்க வந்த தரகன் மாதிரி, குல்லா போட்ட கரடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காட்டில் ஏழு வேன் நின்றது. ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மேடை. மாஸ்டர் இறங்கினதும் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். கை தானாகப் போயிற்று என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு வேனிலும் ஏறி, அளந்து, தட்டிப் பார்த்து, இறங்கும்போது ஒரே கேள்வி.

"கக்கூஸ் எங்கீங்க கண்ணு?"

முதல் வேன்: "பெட்ரோல் பங்க்தான் அங்கிள்."

இரண்டாவது: "நேச்சர் அங்கிள்."

மூன்றாவது வேனில் ஒரு பெண், இரண்டு நாளாகத் தண்ணீரே குறைவாகத்தான் குடிப்பதாகச் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்து எங்கள் பஸ்ஸுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

ஆனால் ஐந்தாவது வேனில் மாஸ்டர் இறங்கவே இல்லை. போய்ப் பார்த்தால் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்ததும் தானாக மடிப்பு விரிந்து, தரையோடு தரையாக இறங்குகிற இரும்புப் படி ஒன்று அதில் இருந்தது. அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

பிறகு தாடி பஸ்ஸைப் பார்க்க ஏறினான். நல்ல பையன்தான். "செம வைப் அங்கிள்" என்றான். எதைப் பார்த்தாலும் நெஞ்சில் கை வைத்தான். அப்புறம் தன் திட்டத்தைச் சொன்னான்.

"இந்த கிச்சனை எடுத்துடலாம். ஓபன் ஸ்பேஸா விட்டு யோகா மேட் போட்டா வீடியோல சூப்பரா வரும். அந்த டாய்லெட்டையும் தூக்கிடலாம், ரொம்ப இடம் அடைக்குது."

மாஸ்டரின் முகம், கோடு தெரியாதவன் கத்தரி எடுத்ததைப் பார்த்த முகமாக ஆயிற்று. ஆனாலும், "உங்க விருப்பங்க" என்றார். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அக்கா அடுப்பை மெதுவாகத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த அடுப்பு அது.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மேற்கே கறுத்தது. கோடை மழை என்றால் சொல்லிக்கொண்டு வரும் என்பார்கள். இது வந்துவிட்டுத்தான் சொன்னது. முதல் காற்றிலேயே கூடாரங்கள் எழும்பி வேலி தாண்டிப் போய்விட்டன. இரண்டாவது காற்றில் யோகா மேட் எல்லாம் போயிற்று. வேன்களின் பக்கக் கதவை எல்லோரும் அழகுக்காக அகலமாகத் திறந்து வைத்திருந்ததால், வெள்ளை மெத்தைகள் அத்தனையிலும் ஐந்து நிமிடத்தில் செம்மண் சாயம் ஏறிவிட்டது. ஏழு வேனும் சேற்றில் ஒரு சாண் புதைந்தது.

அத்தனை பேரும் அலறிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தார்கள். பதினேழு பேர். ஒரு நாய்.

"எடம் பத்தாது மாஸ்டர்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நாள் முழுக்க இல்லாத வெளிச்சம் அந்தக் கண்ணில் இருந்தது. "பத்தாதா?" என்றார். "ஏனுங்க தம்பி, பத்தாதுங்கற வார்த்தைய நான் என்னைக்காச்சும் சொல்லியிருக்கறனா?"

பதினேழு பேரை வைத்து அவர் மார்க்கர் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு வார்த்தை இல்லை.

"நீங்க உடம்புங்க, நடுவுல நேரா உக்காருங்க. கண்ணு, நீ ஒசரமா இருக்கற, நீ கையி. கட்டில்மேல சாஞ்சு படு. இன்னொரு ஒசரம் வாங்க, நீங்களும் கையி, ஆனா தலையத் திருப்பி அந்தப் பக்கமா. பாத்தீங்களா, எப்படி உள்ள போயிருச்சு! குள்ளமா ஆரு இருக்கறீங்க? காலரு. மேல்தட்டுல ஏறுங்க. தாடி சாமி, நீங்க தோளு அகலம், சைடுல நில்லுங்க. மூச்ச உடலாம், ஒட்டுக்கா எல்லாரும் உடாதீங்க."

மூன்று நிமிடம். பதினேழு பேரும் உள்ளே. கதவு சாத்தியாயிற்று. நடுவில் ஒரு அடி அகலத்துக்கு இடம் மிஞ்சியதைப் பார்த்து மாஸ்டரே கொஞ்சம் சங்கடப்பட்டார். நாயை அங்கே உட்கார வைத்ததும் நிம்மதியானார். கரடிக்குட்டித் துணியால் அதை அவரே துவட்டியும் விட்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார். குக்கரில் அரிசிம்பருப்பு சாதம். பூண்டும் சின்ன வெங்காயமும் வதங்குகிற வாசனை வந்ததும், வேன் லைஃப் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. இரண்டாவது விசிலுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

"அங்கிள்... அந்த டாய்லெட்..."

தாடி.

"போலாங்க சாமி. கதவுக்குக் கொக்கி உள்பக்கம்."

அவன் போய்த் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் இருந்த அமைதியை எந்த யோகாவும் கொடுத்திருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவர் போனால் மற்ற பதினாறு பேரையும் மாஸ்டர் திரும்ப அடுக்கினார். வந்த எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கோயிலில்கூட நான் அவ்வளவு பக்தியைப் பார்த்ததில்லை.

சாதத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டே தாடி சொன்னான், "அங்கிள், கிச்சனும் டாய்லெட்டும் அப்படியே இருக்கட்டும். நான் ஒண்ணையும் எடுக்கல. பஸ்ஸ இன்னைக்கே முடிச்சுக்கலாமா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா கரண்டியைக் குக்கருக்குள் வைத்தார்.

"விக்கறதுக்கு இல்லீங்க தம்பி."

மாஸ்டர் மெதுவாக, "உன்ற முட்டி, அம்மிணி?" என்றார்.

"முட்டி ஏறும்போதுதானுங்க வலிக்குது. ஏறி உக்காந்துட்டா ஒரு வலியும் இல்லீங்க. நா எறங்காம இருந்துக்கறேன்."

"நீதான் ஒவ்வொரு ஊர்லயும் 'ஊட்டுக்குப் போலாம், ஊட்டுக்குப் போலாம்'னு சொல்லுவியே."

"சொல்லுவேன். அதுக்குன்னு போயிர்றதுங்களா?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, நன்றாக மூடியிருந்த ஜன்னலைச் சரியாக மூடியிருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். மேல்தட்டில் காலராகச் சுருண்டு கிடந்த பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூக்கை உறிஞ்சினாள்.

மழை விட்டதும் பதினேழு பேரும் இறங்கித் தள்ளினார்கள். முதலில் பஸ்ஸை மேட்டுக்கு ஏற்றினோம். பிறகு மாஸ்டர் கயிறு கட்டி ஒவ்வொரு வேனாக இழுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. புறப்படும்போது ஐந்தாவது வேன்காரப் பையன் ஓடிவந்தான். கையில் அந்த மடக்குப் படி.

"கழட்டிட்டேன் அங்கிள். ஆன்ட்டிக்கு வெச்சுக்கோங்க. நாங்க குதிச்சு எறங்கிப்போம்."

மாஸ்டர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அளக்கவில்லை. அந்தப் பையனின் தோளில் கை வைத்து, "நாப்பதுங்க கண்ணு" என்றார். அவருக்குத் தெரிந்த வாழ்த்து அதுதான். வழியில் காங்கயம் வரும்போது தானாகவே ஆரம்பித்தார்: "அந்தப் புள்ளைங்ககிட்ட கக்கூஸ் இல்லீங்க தம்பி. ஆனா இத்தனை வருஷமா எனக்குத் தோணாத அந்தப் படி அவுங்களுக்குத் தோணியிருக்குது பாருங்க." பின்னால் அக்கா, "எதிர்ல லாரி வருது, அதுக்கு அளவு சொல்லிட்டு வாங்க" என்றார்.

இப்போது அந்தப் படியில் கால் வைத்து அக்கா ராணி மாதிரி ஏறுகிறார். இரண்டு பேரும் ராமேசுவரம் பக்கம் போய் மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பதினேழு பேரில் பாதிப் பேர் அவர்கள் பின்னாலேயே போயிருப்பதாகக் கேள்வி. கடலைக் காட்டி எடுத்த வீடியோ ஒன்று அனுப்பினார்கள். அதில் மாஸ்டர் டேங்க் கழுவிக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டு வாசல் காலியாக இருப்பதைப் பார்த்து, தினமும் யாராவது காரைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய், "இங்க விடாதீய, ஆளு வந்துருவாவ" என்று கத்துகிறேன்.